நான்கு டிகிரி இறங்கியது

தம்பி,

ஸலாம் சொல்லி நலம் விசாரித்த கையோடு, அந்த ஸ்வெட்டர் கதையை எடுத்துச் சொல்லி என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்குத் தெரியாது. வேறு யாராவது கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வதற்கு முன்னால் மாமனாரே சொல்லிவிடுவது மரியாதை. நீ முதல் தடவை சைகோனுக்குக் கிளம்பியபோது குன்னூர் ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. மற்றத் தகப்பன்மார் அந்த நேரத்தில் தொழுகையை விடாதே, கண்டவர்களோடு சேராதே என்று ஏதாவது சொல்வார்கள். எனக்கு வாயில் வந்தது வேறு. “அங்கெ எத்தனை டிகிரி இருக்குதுன்னு எழுது தம்பி” என்றேன். உன் அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீயும் சொன்ன சொல் தவறாமல் முதல் கடிதத்திலேயே எழுதினாய்: இங்கே முப்பத்தெட்டு டிகிரி அத்தா, தாங்க முடியவில்லை. முப்பத்தெட்டு என்றதும் எனக்கு முதுகு சில்லிட்டது. தை மாதம் விடியற்காலையில் ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்குமே, அந்தக் குளிர் அல்லவா அது? அந்த வாரமே ஊட்டி பஜாருக்குப் போய் இருப்பதிலேயே தடிப்பான ஸ்வெட்டர் ஒன்றும், காதை மூடுகிற குல்லா ஒன்றும் வாங்கிக் கப்பல் பார்சலில் அனுப்பினேன். அனுப்பியதோடு நிற்காமல், சைகோன் ஊட்டியைவிடக் குளிர்ந்த ஊர் என்று பஜார் முழுக்க ஒரு சுற்றுச் சொல்லி வைத்தேன்.

மாதங்கள் கழித்து உன் பதில் வந்தது. எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாய்! ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது, இங்கே உள்ளவர்கள் பார்த்து மிகவும் ஆச்சரியப்பட்டார்கள் என்று. அதற்குக் கீழே, இங்கே பிரெஞ்சுக்காரர் கணக்கு, சென்டிகிரேட் என்று பெயர், இதில் முப்பத்தெட்டு என்றால் நம் ஊர்க் கணக்கில் நூறு என்று பூப்போல ஒரு வரி. உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நானே என் தலையெழுத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “ஏனுங்க, கொதிக்கிற ஊருக்குக் குல்லா அனுப்புனவரு இந்த மலையிலயே நீங்க ஒருத்தருதானுங்க” என்றாள். எஸ்டேட் லயத்துப் பெண்கள் வரைக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு வைத்த பெயர்தான் டிகிரி ராவுத்தர். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்ததால் ஒன்பதாவது வரை படித்ததற்குச் சமம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்கு ஊரே கூடி டிகிரி கொடுத்தது என்று நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டேன்.

சிரித்தாலும் உள்ளே ரோஷம் இருந்தது. நீ அந்தக் கடிதத்தில் எழுதிய வழியை நெட்டுரு போட்டேன். அங்கிருந்து இங்கே வர, ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும். இங்கிருந்து அங்கே போக, முப்பத்திரண்டைக் கழித்துவிட்டு ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்க வேண்டும். தொழுகைக்கு ஒலுச் செய்துகொண்டிருக்கும்போதுகூட இது வாயில் ஓடி, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அதற்கப்புறம் உனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் குன்னூர்க் குளிரை உன் ஊர்க் கணக்கில்தான் எழுதினேன். என் மகனுக்குப் புரிகிற கணக்கில் பேசுகிறேன் என்று ஒரு பெருமை. அந்தப் பெருமையிலிருந்துதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது ஆரம்பிக்கிறது. இனிமேல் சிரிக்க அதிகம் இல்லை, தம்பி.

போன வாரம் உன் கடிதம் வந்தது. புதுச்சேரியில் முதலாளியின் தம்பி மகளைப் பேசி முடித்திருக்கிறார்கள், நிக்காஹ் நாள் குறித்தாயிற்று என்று படித்ததும் எழுந்து நின்று துஆ செய்தேன். அதற்கு அடுத்த வரியில் என்னை உட்கார வைத்துவிட்டாய். அம்மா கிடந்தபோது வராதவன் இப்போது எந்த முகத்தோடு மலை ஏறுவேன், நீங்கள் மட்டும் இறங்கி வாருங்கள் என்று எழுதியிருந்தாய். அவள் போய் இத்தனை வருஷத்தில் நீ இந்தப் பக்கம் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தெரியாதவன்போல, இந்த வருஷம் மழை அதிகம், கொழுந்து நன்றாக வருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு உன் மாமாவின் மளிகைக் கடைக்குப் போனேன். கல்யாணச் செய்தியைச் சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்து போகலாம் மச்சான் என்றேன். அவர் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க மச்சான். என் தங்கச்சி கண்ணை மூடுறப்பக் கப்பல்ல காத்து வாங்கிட்டுப் போனவன் கல்யாணத்துல எனக்கு என்ன வேலை?” என்றார். நம் ஜனங்களில் தாய்மாமன் வராத கல்யாணம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் கெட்டவர் இல்லை, தம்பி. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிய வேண்டியதை நான் தெரியப்படுத்தவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதி முடித்து உறையை ஒட்டாமல் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் படித்துவிட்டுத் தபாலில் போடட்டும். அவர் எழுத்துக் கூட்டி உரக்கத்தான் படிப்பார் என்பது உனக்குத் தெரியும். கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள், வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் எல்லோர் காதிலும் விழும். விழட்டும். உன்னைப் பற்றிப் பேசியபோதும் அவர்கள் உரக்கத்தான் பேசினார்கள்.

நீ அப்போது ஊரில் ஒரு மாதம் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்கு இறங்கிப் போயிருந்தாய். முதலாளி வீட்டில் தங்கி, கடைக்கு வேண்டிய துணிமணிகளைக் கட்டுக் கட்டி ஏற்றிக்கொண்டு சைகோன் கப்பலில் திரும்ப வேண்டும் என்று ஏற்பாடு. நீ போன மறுவாரம் உன் அம்மா, கொஞ்சம் தலை வலிக்குதுங்க என்றாள். கொஞ்சம்தானே என்று நான் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்விட்டேன். மறுநாளும் கொஞ்சம் என்றாள். அதற்கடுத்த நாள் கொழுந்து வண்டிக்காரன் வந்து, அம்மா கிணற்றடியில் உட்கார்ந்தபடி எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க என்றான். குன்னூரிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு டைபாய்டு என்று சொன்னார். நாக்குக்கு அடியில் வைத்த தெர்மாமீட்டர் நூற்றைந்து காட்டியது. மகன் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார்.

போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். ஓடும்போதே உன் கணக்கில் மாற்றிவிட்டேன். நூற்றைந்தில் முப்பத்திரண்டு போனால் எழுபத்து மூன்று, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் நாற்பது பாயிண்ட் ஆறு. அப்படியே தந்தி கொடுத்தேன்: அம்மாவுக்குக் காய்ச்சல், நாற்பது பாயிண்ட் ஆறு சென்டிகிரேட், புறப்பட்டு வா. ஸ்வெட்டர் அனுப்பினவன் இந்தத் தடவை தப்புச் செய்யவில்லை என்று, அந்தக் கலவரத்திலும் ஒரு ஓரத்தில் திருப்தி இருந்தது. சாயங்காலமே உன் பதில் வந்துவிட்டது. நாளை இரவு ரயிலில் வருகிறேன், நிலவரம் தந்தி கொடுங்கள் என்று. கப்பலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான், வேலை நிலைக்குமோ போகுமோ என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீ அதை யோசித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அந்தக் காய்ச்சலிலும் தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். அவன் வருகிற நேரத்தில் வீடு இப்படியா கிடப்பது என்று கேட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொன்னாள்.

மறுநாள் காலையில் தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. நான் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நூற்றொன்றுதான். அவள் கண் தெளிந்திருந்தது, கஞ்சி கேட்டாள். எனக்கு அப்படியே பறக்கிற மாதிரி இருந்தது. மறுபடியும் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். அங்கே நின்று உனக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். நூற்றொன்றை மாற்றி முப்பத்தெட்டுச் சொச்சம் என்று எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு என்பது காய்ச்சல் இருக்கிறது என்றல்லவா சொல்லும்? எனக்கு அதைச் சொல்ல ஆசை இல்லை. ‘இறங்கியது’ என்ற வார்த்தையை எழுத ஆசை. அந்த ஒரு வார்த்தையை நீ படிக்கும்போது உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் எவ்வளவு இறங்கியது என்று எழுதத் தீர்மானித்தேன். நூற்றைந்திலிருந்து நூற்றொன்று, நான்கு டிகிரி. சரி, அந்த நான்கை உன் கணக்கில் மாற்றுவோம் என்று பார்த்தால், நான்கில் முப்பத்திரண்டு எப்படிப் போகும்? கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே எங்கேயோ போய் நிற்கிறது. காய்ச்சல் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்தரை இறங்கியது என்று எழுதினால் என் மகன் மாத்திரம் இல்லை, தந்தி அடிக்கிறவரே சிரிப்பார். பின்னால் மூன்று நான்கு பேர் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. மாற்றுவதெல்லாம் சூட்டுக்குத்தான், வித்தியாசத்துக்கு எதற்கு மாற்றல், நான்கு எந்த ஊரிலும் நான்குதானே என்று. காய்ச்சல் நான்கு டிகிரி இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து ஒரு டீ குடித்தேன்.

அந்த டீ இன்னும் என் தொண்டையில் நிற்கிறது, தம்பி.

அன்றைக்குச் சாயங்காலம் உன் தந்தி வந்தது. நார்மல், அல்ஹம்துலில்லாஹ், கப்பல் ஏறுகிறேன், அம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள். நான் போஸ்ட் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை படித்தேன். நார்மலா? யார் சொன்னது நார்மல் என்று? நூற்றொன்று நார்மலாடா உனக்கு என்று, பக்கத்தில் ஆள் இருப்பதைக்கூடப் பாராமல் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். உன் மேல் வந்த கோபத்தை இப்போது மறைக்கப் போவதில்லை. கப்பலும் சம்பளமும் பெரிதாகிவிட்டது, ஏதோ ஒரு சாக்கு வேண்டும், நார்மல் என்று தானே ஒரு வார்த்தையைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டான் என்று நினைத்தேன். பெற்றவன் நானே அப்படி நினைத்தேன் என்றால் உன் மாமா நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சொல்றானாம்? ரயிலுக்குக் கெளம்பிட்டானுங்களா?” என்றாள். அப்போது அவள் கணக்கில் நீ ரயில் ஏறப் போய்க்கொண்டிருந்தாய். நான் மழுப்பத் தெரியாதவன். கப்பல் ஏறிட்டான் என்றேன். அவள் போர்வை ஓரத்தை இழுத்து விரலில் சுற்றினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெத்தவளைப் படுக்கையில விட்டுட்டுப் போனவன் ஒரு புள்ளையா என்று ஆரம்பித்தேன். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். “அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. வேலைன்னா அப்பிடித்தானுங்க இருக்கும். போகட்டும், பொழைக்கட்டும். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலைன்னு எழுதுங்க” என்றாள். அதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஃபேக்டரிக்குப் போனேன். என் வேலை என்ன என்று உன் மனைவியாக வரப்போகிறவளுக்குத் தெரியாதே, அவளுக்காகச் சொல்கிறேன். பறித்த கொழுந்தை மாடியில் பரப்பி வாட வைப்பார்கள். அங்கே சுவரில் இரண்டு தெர்மாமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் அடியில் ஈரத் துணி சுற்றியிருக்கும், அது எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகம் என்றால் காற்று காய்ந்திருக்கிறது, கொழுந்து சீக்கிரம் வாடும். இடைவெளி குறைந்தால் காற்றில் ஈரம், கொழுந்து நேரம் எடுக்கும். துரை மாடிக்கு வந்தால் இது எத்தனை, அது எத்தனை என்று கேட்க மாட்டார். டிஃபரன்ஸ் என்ன என்று ஒரே கேள்விதான். நாலுங்க தொரை, ஆறுங்க தொரை என்று நான் சொல்வேன். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் அன்றைய ஃபேக்டரியே ஓடும். வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்வதற்காகவே சோறு போட்டு வைத்திருந்த ஆள், தம்பி, நான்.

அன்றைக்கு ஒன்று அறுபத்தெட்டு, மற்றது அறுபத்து நான்கு. டிஃபரன்ஸ் நாலுங்க தொரை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்குள் ஏதோ தைத்தது. பக்கத்துப் பலகையில் சாக்பீஸால் உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தெட்டில் முப்பத்திரண்டு போக முப்பத்தாறு, மாற்றினால் இருபது. அறுபத்து நான்கில் முப்பத்திரண்டு போக முப்பத்திரண்டு, மாற்றினால் பதினெட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இருபதுக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு? இரண்டே சொச்சம். என் கண்ணெதிரே சுவரில் நான்காகத் தொங்குவது, பலகையில் இரண்டே சொச்சமாக நின்றது. இரண்டு பக்கத்திலும் முப்பத்திரண்டைக் கழித்ததால் அது ஒன்றுக்கொன்று சரியாய்ப் போய்விட்டது. வித்தியாசத்தில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் அந்த ஐந்தும் ஒன்பதும் போகவில்லை. உன் ஊர் டிகிரி ஒன்று, என் ஊர் டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு. படி எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் நான் மாற்றக் கற்றிருந்தேன். ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம் என்பதை நான் பார்க்கவே இல்லை.

பிறகு அடுத்த கணக்கையும் போட்டேன். நாற்பது பாயிண்ட் ஆறில் நான்கு போனால் முப்பத்தாறு பாயிண்ட் ஆறு. பச்சைக் குழந்தைக்கு இருக்கிற சூடு. நீ எந்தச் சாக்கும் தேடவில்லை. நான் சென்டிகிரேட் என்று முதல் தந்தியில் எழுதினேன். அடுத்த தந்தியிலும் அத்தா அந்தக் கணக்கில்தான் பேசுகிறார் என்று நம்பினாய். நம்பிக் கழித்துப் பார்த்தாய். உன் கழித்தலில் ஒரு பிழையும் இல்லை. அம்மா பூரண சுகம் என்று உன் கையாலேயே கணக்குப் போட்டு, அந்தச் சந்தோஷத்தில் நார்மல் என்று எழுதினாய். அன்றைக்கு அவளுக்கு இருந்தது முப்பத்தெட்டுக்கு மேல். போஸ்ட் ஆபீசுக்குப் போய்க் கப்பலை எட்டுமா என்று கேட்டேன். கப்பல் கரையை விட்டுப் போய்விட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். நடுவில் நன்றாக இருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நான் கிளம்பும்போது குடலில் ரத்தம் போக ஆரம்பித்தது. டாக்டர் வந்தார், கையைப் பிசைந்தார். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. நீ சைகோனில் இறங்கியதும் உன் கையில் கொடுக்கும்படி தந்தி அனுப்பினேன். கப்பலிலிருந்து இறங்கி, யாரோ நீட்ட, நீ அதைப் பிரித்த நேரத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காரணம் எழுதத் தந்தியில் இடம் இல்லை. பிறகு எழுதிய கடிதங்களில் இடம் இருந்தது, எனக்கு மனம் இல்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் என் காதுபடவே, மகன் இருந்தும் மண் போட வரவில்லை என்றார்கள். மய்யித்தை அடக்கிவிட்டு வந்த ஈரம் காயவில்லை, இந்த நேரத்தில் ஒன்பது ஐந்து முப்பத்திரண்டு என்று ஆரம்பித்தால் மகனுக்குச் சால்ஜாப்புச் சொல்கிறான் என்பார்கள் என்று பேசாமல் இருந்தேன். நாற்பதாம் நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அன்றைக்குப் புலவு சோற்றுக்கு ஆள் கூட்டம், அப்போதும் முடியவில்லை. தள்ளிப் போட்ட ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்தைக் கஷ்டமாக்கியது. பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்வதுகூடக் கொஞ்சம் மதிப்பாகத்தான் இருக்கிறது. சோம்பேறித்தனமும் வெட்கமும் சரிபாதி என்பதுதான் உண்மை.

மச்சான், இந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை படியுங்கள். உங்கள் தங்கச்சி மகன் ரயிலுக்குத் துணி மடித்து வைத்திருந்தான். அவனைக் கப்பலில் ஏற்றியது நான் கொடுத்த எண். புதுச்சேரிக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம். கோபம் தீரவில்லை என்றால் வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

தம்பி, கல்யாணத்துக்குப் புத்திமதி எழுதுவது தகப்பன் கடமை என்கிறார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் காசு கொடுத்து வாங்கியது இல்லை. உன் மனைவி கொஞ்சம் என்று ஏதாவது சொன்னால், அது எவ்வளவு என்று அவள் கணக்கிலேயே கேட்டுத் தெரிந்துகொள். எனக்குச் சளி பிடித்தால் லயம் முழுக்கத் தெரியும், எனக்குக் கொஞ்சம் என்றால் அது கொஞ்சம்கூட இல்லை. உன் அம்மாவுடைய கொஞ்சம் வேறு. கொஞ்சம் தலை வலிக்குதுங்க என்று இரண்டு நாள் சொன்னாளே, அதை நான் என் அளவில் எடுத்துக்கொண்டேன். கூடவே படுத்து எழுந்தும் அவளுடைய ஒரு டிகிரி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பெண்கள் அப்படி, ஆண்கள் இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆளுக்கு ஆள் அது மாறும், கேட்டால் ஒழியத் தெரியாது. கேட்பதற்கு வெட்கப்படாதே. உன் வீட்டில் நீயே சின்னவனாகக் காட்டிக்கொண்டால் யாருடைய கிரீடமும் இறங்கிவிடாது. இதை நீ ஏற்கெனவே அறிந்தவன் என்றுதான் நினைக்கிறேன். வெயிலில் வெந்துகொண்டே, ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது என்று எழுதியவன் நீ.

நிக்காஹ் முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு மேலே வா. முகம் இல்லை என்று எழுதியிருந்தாய். முகம் இல்லாமல் இருக்க வேண்டியவன் நான், நானே இந்தப் பஜாரில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வயதாகிறது. அடுத்த வருஷம் வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். கண் மங்கி, பாதரசம் நிற்கிற கோடு இரண்டாகத் தெரிகிறது. எஸ்டேட் வீட்டை விட்டால் உன் மாமா கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. வந்து இரண்டு நாள் இருந்து, கபர்ஸ்தானுக்குப் போய் அவளுக்கு யாஸீன் ஓதிவிட்டுப் போ. மழைக்கு அந்த இடம் சரிந்து போகாமல் கல் அடுக்கி வைத்திருக்கிறேன். அவள் உன்மேல் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அவள் எழுதச் சொன்னது, இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

ஆனால் மன்னிப்பது என்றால், மன்னிக்க ஏதோ இருந்தது என்று அவள் நினைத்தாள் என்றுதானே அர்த்தம்? அதுதான் என்னைத் தூங்க விடாதது. பலகையில் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு நான் போஸ்ட் ஆபீசிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் ஓடினேன். அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னங்க இந்நேரத்துல என்று கேட்டாள். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பார்த்து எனக்கு ஒரு சபலம். இப்போது சொன்னால் அழுவாள், உடம்புக்கு ஆகாது. நன்றாக எழுந்து நடமாடட்டும், அப்போது சொன்னால் முன்பு மாதிரி சுவரோடு சாய்ந்து சிரிப்பாள், நானும் சேர்ந்து சிரிப்பேன், அதுவரைக்கும் பத்திரமாக வைத்திருப்போம் என்று. ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு, அவள் குடித்து வைத்த கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். அதற்கப்புறமும் அவள் தெளிவாகப் பேசிய நாட்கள் இருந்தன. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் நான் வாய் திறந்து சொல்லாமல் விட்டது இவ்வளவுதான், தம்பி: அவன் உன்னை விட்டுட்டுப் போகலை புள்ளெ, நீ நல்லாயிட்டேன்னு நெனச்சுத்தான் போயிருக்கான்.